கஞ்சி குடித்த ஸ்வெட்டர்

சித்திரை வெயிலில், அருப்புக்கோட்டையில், காற்றாடி இல்லாத வாடகை வீட்டில் உட்கார்ந்து ஒருத்தி கம்பளி ஸ்வெட்டர் பின்னினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும். சிரித்தது. பால்காரர் சிரித்தார். கூட வேலை பார்த்த டீச்சர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் சிரிக்காமல், வாசலில் நின்று உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சரு, அடிக்கிற வெயிலு ஒங்களுக்குப் பத்தலையாக்கும்" என்றாள்.

"பத்தலக்கா. ஒங்க வீட்டுல மிச்சமிருந்தா கொஞ்சம் குடுங்க" என்றேன். எனக்கு வாய் எப்போதும் கொஞ்சம் நீளம்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். கல்யாணத்துக்கு என்று வந்த லீவு முழுவதும் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊரில், மாமனார், மாமியார், நாத்தனார், ஆடு, கோழி எல்லாம் ஒன்றாகக் கிடந்த வீட்டில் கழிந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாகப் பேசிய பேச்சை எல்லாம் கூட்டிச் சேர்த்தால் ஒரு பஸ் பயணத்துக்குக் காணாது. லீவு முடிந்து அவர் வடக்கே போனார். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்து போக முடியாமல் நான் டவுனில், நெசவாளர் தெருவில், ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீட்டைப் பிடித்தேன். அந்த வீட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் போய் உட்கார்ந்தால் உடனே தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். அது எனக்குச் செய்கிற மரியாதை. ஆனால் நான் எழுந்து வாசல் தாண்டுவதற்குள் முதுகுக்குப் பின்னால் தெலுங்கு மறுபடி ஆரம்பித்துவிடும். ஏதோ இத்தனை நேரம் என்னைத் தூக்கி வைத்திருந்து, இப்போதுதான் இறக்கி வைத்த மாதிரி இருக்கும். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது. சிரிப்பும் சண்டையும் அவரவர் பாஷையில்தானே வரும். எனக்கு அந்தத் தெருவில் சண்டை போடக்கூட ஆள் இல்லை. ஒரு ஆளுக்கு உலை வைப்பது போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் வேறு கிடையாது. பாதி நாள் காலையில் ஆக்கியதையே இரவுக்கும் தின்றேன்.

அவர் எழுதும் கடிதம் எல்லாம் ஒரே கடிதம்தான். நான் நலம், உன் நலமறிய ஆவல், இங்கே குளிர் அதிகம். ஒன்றில் மட்டும் கடைசியில் கூடுதலாக ஒரு வரி இருந்தது. கையால் பின்னிய ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொண்டால் கதகதப்பாக இருக்கும் என்று இங்கே சொல்கிறார்கள், அவ்வளவுதான். நீ பின்னுவாயா என்று கேட்கவில்லை. எனக்குப் பின்னத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. ஹாஸ்டலில் வளர்ந்த காலத்தில் வார்டன் அம்மா கையில் ஊசியைக் கொடுத்துப் பழக்கியது, நான் பின்னிய குழந்தைத் தொப்பிகளைக் கிறிஸ்துமஸ் விற்பனையில் முதலில் தூக்கிக்கொண்டு போவது, எதுவும் தெரியாது. அவருக்கு என்னைப் பற்றி என்னதான் தெரியும். நான் கறுப்பு, நான் டீச்சர், மீன் குழம்பில் புளியைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவேன். இந்த ஸ்வெட்டரை அவர் தலைவழியாகப் போடும்போது, இப்படி ஒருத்தி நமக்கு இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் பின்னினேன். குளிருக்கு அவருக்குச் சர்க்காரே கம்பளி கொடுக்கும்.

மதுரைக்குப் போய்ப் பச்சை உல்லன் நூல் வாங்கி வந்தேன். அளவுதான் இல்லை. அவருடைய சட்டை ஒன்றுகூட என்னிடம் கிடையாது. மார்பு அளவு எழுதி அனுப்புங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கல்யாணமானவள் கணவனின் அகலம் தெரியாமல் கேட்டு எழுதினால் பக்கத்தில் இருந்து வாசிக்கிறவன் என்ன நினைப்பான். எனக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று. அவரைச் சுற்றிக் கையைப் போட்டால் முதுகில் என் நடுவிரல் இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும். கதவைச் சாத்திவிட்டு, வெறும் காற்றில் அப்படிக் கையை வளைத்து வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வளைவை ஒரு கயிற்றில் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதுதான் அளவு.

பின்னி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஊசியிலிருந்து இறங்கும்போது ஸ்வெட்டர் சுருண்டு, ஒரு பக்கம் இழுத்து, கோணலாகத்தான் கிடக்கும். அதை நனைத்து, ஈரத்தோடு விரித்து, வேண்டிய அளவுக்கு இழுத்துக் குத்தி வைத்துக் காயவிட்டால்தான் கண்ணிகள் எல்லாம் ஒழுங்காக உட்காரும். அப்படி உட்கார்ந்துவிட்டால் பிறகு அந்த உருவம்தான் அதற்கு. நனைப்பதில்தான் அந்த ஊரில் சிக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்துபோகும். வந்த புதிதில் அந்தத் தண்ணீரில் ஒரு கம்பளித் தொப்பியை அலசி, அது தேங்காய் நார் மாதிரி ஆகி, பிறகு அடுப்படியில் கரி துடைக்கத்தான் ஆனது. கம்பளிக்கு நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். குழாயில் எப்போதாவது வரும், வந்தால் தெருவே குடத்தோடு நிற்கும்.

என் பங்குத் தண்ணீரைக் குடிக்காமல் சேர்த்தேன். உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டேன். சோப்புக்குப் பதிலாகப் பூந்திக்கொட்டையை ஊறப்போட்டுக் கரைத்து, தொட்டியில் நல்ல தண்ணீரை ஊற்றி, ஸ்வெட்டரை அமுக்கினேன். தேய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள்.

"என்ன டீச்சரு, குடிதண்ணியிலயா அலசுறீக?"

"ஆமக்கா."

"சனம் ஒரு கொடம் தண்ணிக்கு நாயா அலையுது. நீங்க அதைக் கம்பளிக்கு ஊத்துறீக. நல்லாருக்கா இது?"

"என் பங்குத் தண்ணிதானக்கா. நான் குடிக்காம வச்சது."

அக்கா, ஈரத்தில் என் கையில் தொங்கிய பச்சைக் கம்பளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பட்டாளத்துக்காரருக்கா" என்றாள். தலையை ஆட்டினேன். போய்விட்டாள்.

ஈரத்தைத் துண்டில் சுருட்டி மிதித்து எடுத்துவிட்டு, கட்டிலில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, அதன் மேல் ஸ்வெட்டரை விரித்தேன். குண்டூசி ஆகாது, துருப்பிடித்துக் கறை விழும். அதனால் ஊருக்கு வெளியே உடைமரத்தில் நீளமான வெள்ளை முட்களாக ஒடித்து வந்து காயப்போட்டு வைத்திருந்தேன். முடிச்சுப் போட்ட கயிற்றை வைத்து அளந்து, தோள், அக்குள், இடுப்பு, கைமுனை என்று இழுத்து இழுத்து முள்ளைக் குத்தினேன். மறுபடி எட்டிப் பார்த்த அக்கா, "என்ன டீச்சரு, ஒங்க சாமிய அறைஞ்ச மாதிரியே அறைஞ்சு வச்சிருக்கீக. முள்ளு வேற" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் வாய்விட்டு நான் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவருடைய ரெஜிமெண்டிலேயே இருந்த வீரசோழன் ஊர்க்கார பாய் ஒருவர் லீவு முடிந்து திரும்பிப் போக இருந்தார். ரயிலுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்து பையை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் அன்று மத்தியானமே, அம்மா இருந்த பந்தல்குடியிலிருந்து ஆள் வந்துவிட்டது. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு போய்விட்டது, உடனே வா என்று. ஸ்வெட்டர் கட்டிலில் ஈரமாகக் கிடந்தது. அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன்.

"நல்லாக் காஞ்சப்பறம் முள்ளை எடுத்துட்டு, மடிச்சு, இந்த மஞ்சப் பையில போட்டு, வாற பாய்கிட்டக் குடுத்துருங்கக்கா. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"நான் பாத்துக்கிறேன். நீங்க வெரசாப் போங்க" என்றாள் அக்கா.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப் போட்டு, அண்ணி வந்து பொறுப்பெடுத்த பிறகு திரும்பினேன். கட்டில் காலியாக இருந்தது. முட்களை எல்லாம் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள் அக்கா. அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாய் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு டீச்சரு. ஆனா ஒண்ணு, நீங்க அப்படியே அனுப்பியிருந்தா மானம் போயிருக்கும். முள்ளை எடுத்துப் பாத்தா தொளதொளன்னு கெடக்கு. நூலைப் பட்டினியாப் போட்டா அனுப்புறது? பாவுக்குக் காச்சுன கஞ்சி இருந்துச்சு. அதுல முக்கி, நல்லா நீவி, கல்லு மாதிரி விரைப்பா மடிச்சுக் குடுத்திருக்கேன். பாயே அசந்துபோயிட்டாரு."

அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். நெய்யப்போகும் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியில் எண்ணெய் விட்டுத் தடவி, பெரிய பிரஷ்ஷால் நீவுவார்கள். கஞ்சி ஏறினால்தான் பருத்தி இழை தறியில் அறாமல் நிற்கும். அக்கா பிறந்ததிலிருந்து பார்த்த நூலெல்லாம் கஞ்சி குடித்த நூல்தான். எந்த நூலாக இருந்தாலும் கடைசி வேலை அதுதான் என்று நினைத்திருக்கிறாள். நான் தண்ணீர் குடிக்காமல் சேர்த்து, முள் ஒடித்து, காற்றைக் கட்டிப்பிடித்து அளவெடுத்த ஸ்வெட்டர், புளித்த கஞ்சியும் எண்ணெயும் ஏறி, அப்பளம் மாதிரி ரயிலில் போய்க்கொண்டிருக்கிறது.

கத்தியிருப்பேன். ஆனால் அவள் தன் வீட்டுப் பாவுக்கு வைத்திருந்த கஞ்சியை எனக்காகச் செலவழித்திருந்தாள். அந்தத் தெருவில் எனக்கென்று ஒருத்தி செய்த முதல் காரியம் அது. "நல்லதுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த கடிதத்தில், ஸ்வெட்டர் கிடைத்தது என்று இரண்டு வார்த்தை இருந்தது. நன்றாக இருக்கிறது என்றோ, இது என்ன கொடுமை என்றோ ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஒப்புக்கு நன்றாக இருந்தது என்று எழுதிவிட்டால் அதைவிட அவமானம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன், பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன், வந்தேன், தின்றேன், படுத்தேன். சும்மா இருக்கும்போதெல்லாம் ஒரே காட்சிதான். அவர் மடிப்பைப் பிரிக்கிறார், கூட இருக்கிறவர்கள் தட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இவளுக்கு இதுதான் தெரியும் போலிருக்கிறது என்று அவர் நினைக்கிறார். சித்திரையில் ஊர் சிரித்தபோது வலிக்காதது இதை நினைத்தால் வலித்தது.

அடுத்த பங்குனியில் லீவில் வந்தார். சாயங்கால பஸ்ஸில் இறங்கி, வழி கேட்டு, டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றார். எனக்கு ஒரு நிமிடம் யாரோ என்று இருந்தது. இளைத்துக் கறுத்துப் போயிருந்தார். காப்பி குடித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தார். கழுத்து அழுக்கேறிப் பளபளத்தது. முழங்கை மடிப்பு மடிப்பாக உடைந்திருந்தது.

"தொவைக்கவே இல்லையா?" என்றேன்.

"இல்ல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தொவைச்சா வாசம் போயிரும்ல."

"என்ன வாசம்?"

"ஒன் வாசம்தான். நான் ஒன்கூட இருந்ததே கொஞ்ச நாளு. ஒன் மொகமே சில நேரம் நெனப்புக்கு வராது. இதைப் போட்டாப் போதும், நீ பக்கத்துல இருக்க மாதிரி இருக்கும். பயலுக எல்லாம் கஞ்சி நாத்தம்னு கேலி பண்ணுவானுக. எனக்கென்ன."

அவர் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. நான் அடுப்படிக்குப் போய், வேலை இல்லாமல் ஒரு பாத்திரத்தை எடுத்து வைத்தேன். ஒரு பனிக்காலம் முழுவதும் அவர் கட்டிக்கொண்டு படுத்தது பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சிய பாவுக் கஞ்சியை. அதில் நான் எங்கே இருந்தேன். சொல்லவும் மனம் வரவில்லை. சொன்னால் அவருக்கு அந்தக் குளிர்காலமே இல்லாமல் போய்விடும்.

நான் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. காலையில் டீ குடிக்கக் கிளம்பியவர் வாசல் இறங்கி நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். தெரு நீளத்துக்குப் பாவு இழுத்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கஞ்சி நீவிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுவதும் அவருடைய ஸ்வெட்டரின் வாசனை. பெருக்கிக்கொண்டிருந்த வாரியலோடு நான் வாசலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷும் கையுமாக நின்ற அக்கா நிமிர்ந்து, "வாங்க தம்பி. ஸ்வெட்டரு விரைப்பு நின்னுச்சா? கஞ்சியில முக்குனது நான்தான்" என்றாள். அவர் நன்றாக நின்றது என்று சொன்னார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஒரு பார்வை.

டீக்குப் போகவில்லை. உள்ளே வந்து ஸ்வெட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். "தொவைச்சிரு" என்றார்.

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு போனவர், யாரிடமோ சைக்கிள் வாங்கி, ஊருக்கு வெளியே எங்கேயோ அலைந்து, உச்சி வெயிலில் நல்ல தண்ணீர் கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. கம்பளிக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று அக்கா சொன்னாளாம். தொட்டியில் அமுக்க அமுக்கக் கஞ்சி வெள்ளையாகக் கரைந்து போனது. அவர் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்தை எடுத்துவிட்டுக் கட்டிலில் விரித்ததும், முட்கள் இருந்த கிண்ணத்தை எடுத்தேன். "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லி அவரைச் சுற்றிக் கையைப் போட்டேன். முதுகில் என் விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இளைத்தது அவரா, அல்லது நான்தான் முதலிலேயே தவறாக நினைத்திருந்தேனா, தெரியவில்லை. புது அளவுக்குச் சேர்த்து இழுத்துக் குத்தினேன்.

மறுநாள் காய்ந்திருந்தது. மெத்தென்று, கண்ணிக்குக் கண்ணி ஒழுங்காக, நான் முதலில் நினைத்தபடியே இருந்தது. அவர் தடவிப் பார்த்தார், நல்லாப் பின்னியிருக்க என்றார். ஒரு வருடம் நான் காத்திருந்த வார்த்தை. பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, முகத்துக்குக் கொண்டுபோய் மூச்சை இழுத்தார். கழுத்தில், கையில், மறுபடி கழுத்தில். மடித்து வைத்துவிட்டார்.

லீவு நாட்கள் ஓடின. ஆட்டுக்கறி எடுத்தார், சர்ச்சுக்கு வந்தார், இரண்டு பேரும் திருச்சுழிக்குப் போய் மாமியாரைப் பார்த்துவிட்டு வந்தோம். நல்ல மனிதர், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் சில நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் எதையோ தேடுவது எனக்குத் தெரிந்தது. வடக்கே கஞ்சி வாசமாக அவர்கூட இருந்தவள் ஒருத்தி. இங்கே நான் ஒருத்தி.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என்ன டீச்சரு?"

"பாவுக் கஞ்சி கொஞ்சம் வேணும்க்கா."

அக்கா வழிய வழிய ஊற்றிக் கொடுத்தாள். ஹாஸ்டல் வார்டன் அம்மா பார்த்திருந்தால் ஊசியாலேயே என்னைக் குத்தியிருப்பார். மெத்தென்று இருந்த ஸ்வெட்டரை அந்தக் கஞ்சியில் முக்கி எடுத்து, அக்கா சொன்னபடி நீவி, கட்டிலில் விரித்து முள் குத்தினேன். விரைத்துக் காய்ந்ததை மடித்து மஞ்சள் பையில் வைத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் திறந்தவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பைக்குள் வைத்து மூச்சை இழுத்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது ஒன் வாசம்தான்" என்றார், ஜன்னல் கம்பி வழியாக. "நான் அப்படித்தான் வச்சுக்கிருவேன்."

"சரி" என்றேன். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் கிடந்த முட்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டேன். ஜமுக்காளத்தில் ஸ்வெட்டர் கிடந்த இடம் மட்டும், தோளும் கையுமாக, கஞ்சி பட்டு விரைத்திருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். கஞ்சி வாசம்தான் அடித்தது. அன்றைக்கு நான் கை கழுவவில்லை.